இரண்டு ஹெல்மெட்டும் ஒரு வில்லும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று வில்லை இழுத்த ரைஹானத்துக்கு எதிரே இருந்த இலக்கு தெரியவில்லை. இலக்கு அங்கேதான் இருந்தது. பதினைந்து அடி தூரத்தில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்த தடித்த ஃபோம் பலகை. வில்லை மெதுவாகத் தளர்த்தி இறக்கினாள். மறுபடி இழுத்தாள். மறுபடியும் கருப்பு.

"மச்சான்," என்று கூப்பிட்டாள். "சாத்தான்குளத்துல வில்ல எங்கன வச்சிய?"

"கார்லதான். பின் சீட்டுல."

"கண்ணாடிய ஏத்திவிட்டா?"

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் நாசர் பிடரியைச் சொறிந்தான். அன்று காலை அவனுடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வில்லை எடுத்துவர வேண்டாம் என்று ரைஹானத் சொன்னாள். மாமன் மக்களிடம் காட்டியே தீருவேன் என்று அவன்தான் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தான். பனங்காட்டு வெயில், மே மாதம், நான்கு மணி நேரம். காட்டி முடித்த பிறகு பிரியாணியில் உட்கார்ந்தவன் வில்லை மறந்துபோனான்.

"வெயில்ல என்ன ஆவும்? இரும்புதான?"

"நாண் இரும்பா? நூலு. சூட்டுல நீண்டு போச்சு."

அவள் வைத்திருந்தது காம்பவுண்டு வில். இரண்டு நுனிகளிலும் பல் இல்லாத கோணல் சக்கரம் ஒவ்வொன்று இருக்கும். ஒரு நாணும் இரண்டு கேபிள்களும் அந்தச் சக்கரங்களில் சுற்றி ஓடும். நாணின் நடுவே, இழைகளைப் பிரித்து, பயறளவு வளையம் ஒன்றைச் செருகியிருப்பார்கள். பீப் என்று பேர். நாணைக் கன்னம் வரை இழுத்தால் அந்த வளையத்தின் துளை கண்ணுக்கு நேராகத் திரும்பி நிற்க வேண்டும். அதற்குள் பார்த்துத்தான் குறி வைப்பது. இப்போது நாண் நீண்டதில் முறுக்குத் தளர்ந்து, வளையம் பக்கவாட்டில் திரும்பி நின்றது. துளைக்குப் பதில் அதன் விளிம்புதான் கண்ணில் பட்டது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, பாளையங்கோட்டை மைதானத்தில்.

ரைஹானத்துக்கு வயது முப்பத்தேழு. டவுணில் தெற்கு ரத வீதிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் பதினான்கு வருடமாக வேலை. பிரேமுக்குள் லென்ஸ் பொருத்துவது, வளைந்த காதுக்கம்பியை நிமிர்த்துவது, கடுகளவு ஸ்க்ரூவை முடுக்குவது. மூன்று வருடத்துக்கு முன் கடைக்கு வந்த கோமதி என்ற கோமு, கல்லூரியில் வேதியியல் பேராசிரியை, புதுக்கண்ணாடி போட்ட பிறகு குறி மங்கலாகத் தெரிகிறது என்று சண்டைக்கு நின்றாள். என்ன குறி என்று புரியாமல் ரைஹானத் நேரில் பார்க்கவே மைதானத்துக்குப் போனாள். லென்ஸின் மையம் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்ததைக் கண்டுபிடித்தாள். "நீயும் ஒண்ணு விட்டுப் பாரேன்" என்று கோமு வில்லை நீட்டினாள். அன்று பிடித்த ஆசைதான். கோமு புது வில் வாங்கியபோது பழையதை ரைஹானத்துக்கே கொடுத்துவிட்டாள். மகள் தஸ்மியாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, கடை திறக்கும் முன் ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் பயிற்சி.

நாசர் தோஹாவில் கட்டடக் கிரேன்களுக்குப் பளு கட்டும் வேலையில் மேற்பார்வையாளன். பன்னிரண்டு வருடமாக அங்கேதான். போனில் அவள் வில்லைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் பொருட்காட்சியில் பலூன் சுடுகிற மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தான். இந்த முறை லீவில் வந்த மறுநாள் காலை அவளோடு மைதானத்துக்குப் போனவன், ஐம்பது மீட்டர் தூரத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் ஆறு அம்பு நெருக்கி நின்றதைப் பார்த்தான். அதற்குப் பிறகு, அவர்கள் வீடிருந்த தச்சநல்லூரில் அதைப் பற்றி அவன் பேசாத ஆள் இல்லை. பால்காரர், பள்ளிவாசல் மோதினார், கேபிள் டிவிக்காரர் எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப் பெருமையடித்தவன்தான் இப்போது மாடிப்படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"இத எங்க கொண்டு போய்ச் சரி பண்ணணும்? சொல்லு, இப்பமே கார எடுக்கேன்."

"மதுரைல ஒரு கோச்சுட்டதான் பிரஸ் இருக்கு. வில்ல அமுக்கிப் பிடிக்க மிசினு. அது இருந்தாத்தான் நாணக் கழட்ட முடியும்."

கோச்சுக்குப் போன் போட்டாள். அவர் பெங்களூருக்கு ஒரு போட்டிக்குப் போயிருந்தார். பிரஸும் அவரோடு போயிருந்தது. திங்கட்கிழமைதான் திரும்புவாராம். அடுத்து கோமுவுக்குப் போட்டாள்.

"என் வில்ல எடுத்துக்கோயேன்டி. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி விடலாம்."

"உங்க கை நீளம் என்ன, என் கை நீளம் என்ன? அத இழுத்தா நாண் என் காதுக்குப் பின்னால போவும்க்கா."

"அப்போ என்ன பண்றது?"

"தெரியல. பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் இருக்குல்லா? அதப் படிச்சிப் பாக்கேன்."

படித்தாள். இரவு இஷாத் தொழுகை முடிந்து வந்த நாசரிடம் பதினொன்றாம் பக்கத்தைக் காட்டினாள். அந்த மாதிரி வில், பழகுபவர்களுக்காகச் செய்தது. சின்னப் பிள்ளையும் இழுக்கலாம், வளர்ந்த ஆளும் இழுக்கலாம். அதற்கு ஏற்றபடி வில்லின் இரண்டு கைகளையும் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் விசை இறங்கும். முழுக்க முடுக்கிய நிலையிலிருந்து பன்னிரண்டு சுற்று வரை தளர்த்தலாம். இரண்டு பக்கமும் சமமாகத் தளர்த்த வேண்டும். பன்னிரண்டைத் தாண்டி ஒரு சுற்றுகூடக் கூடாது, வில்லின் கை பிய்த்துக்கொண்டு வரும். பன்னிரண்டாவது சுற்றில் விசை மிகவும் குறைந்துவிடுவதால், இந்த மாடலுக்கு மட்டும், பிரஸ் இல்லாமலேயே நாணைக் கழற்றி மாட்டலாம்.

"இந்த மாடலுக்கு மட்டும்னு போட்டிருக்கா?" என்று நாசர் மூன்று முறை கேட்டான்.

"போட்டிருக்கு."

"நம்ம வில்லு இதே மாடல்தானா?"

"நம்பரப் பாருங்க."

நம்பரைப் பார்த்தான். புத்தகத்தில் இருந்த எண்ணும் வில்லில் பொறித்த எண்ணும் ஒன்றுதான். ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை.

"ஏளா, நான் கயித்துக்கூடத்தான் பன்னெண்டு வருசமா பொழைக்கேன். இழுப்புல இருக்க கயித்த நான் நம்பவே மாட்டேன். தோஹால ஒருநா ரோப்பு அறுந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. பக்கத்துல நின்ன இரும்பு டிரம்ம மட்டும் ரெண்டா வகுந்துட்டுப் போச்சு."

"அப்ப வேண்டாம்ங்கியளா?"

அவன் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். "வேண்டாம்னு யாரு சொன்னா? காலைல செய்வோம். வெளிச்சத்துல."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நடு அறையில் பாயை விரித்தார்கள். தஸ்மியா கல்யாண வீட்டோடு சாத்தான்குளத்தில் பெரியம்மாவிடம் இருந்துவிட்டதால் வீட்டில் வேறு ஆள் இல்லை. ரைஹானத் கடையிலிருந்து தன் சிறு கருவிப் பையைக் கொண்டுவந்திருந்தாள். நுனி மெலிந்த இடுக்கி, கொக்கி ஊசி, லென்ஸில் குறி போடும் வெள்ளைப் பேனா. நாசர் தெருமுனை சைக்கிள் கடையில் ஆலன் கீ வாங்கிவரப் போனான். கடைக்காரர் மந்திரமூர்த்தி கீயைக் கொடுத்ததோடு நிற்காமல் கூடவே வந்துவிட்டார். கையில் கார் ஜாக்கி.

"பாய், எதுக்கு வே இவ்வளவு பாடு? இந்த ஜாக்கிய நடுவுல கொடுத்து ரெண்டு பக்கமும் கயிறு கட்டி ஏத்துனா அஞ்சு நிமிசத்துல நாணு தொளதொளன்னு ஆயிரும்."

"அண்ணாச்சி, ஜாக்கி வழுக்குனா?"

"ஏன் வழுக்குது?"

"வழுக்குனா அந்த இரும்பு எங்க போவும்னு சொல்லுங்க."

மந்திரமூர்த்தி ஜாக்கியையும் வில்லையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜாக்கியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

நாசர் உள்ளே போய் இரண்டு பைக் ஹெல்மெட்டுகளை எடுத்துவந்தான். ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு மற்றதை நீட்டினான்.

"என்ன மச்சான் இது?"

"போடு புள்ள."

"வீட்டுக்குள்ளயா?"

"சைட்டுல ஹெல்மெட் இல்லாம யாரையும் உள்ள விடமாட்டேன். கண்ணாடிய எறக்கி விடு."

போட்டுக்கொண்டாள். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குள் சிரிப்பு. சிரித்ததில் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போக, கழற்றித் துடைத்து மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று.

இரண்டு போல்ட்டின் தலையிலும் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். கோடு முழு வட்டம் சுற்றி வந்தால் ஒரு சுற்று. நோட்டுப்புத்தகத்தில் அவள் குறித்து வைத்திருந்தபடி அவளுடைய விசைக்கு ஏற்கனவே ஐந்து சுற்று தளர்ந்திருந்தது. மிச்சம் ஏழு. மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. நாசர் வில்லைப் பிடித்துக்கொள்ள, அவள் கீயைத் திருப்பினாள். அவன் சத்தமாக எண்ணினான்.

"மேல ஆறு. கீழ ஆறு. மேல ஏழு..."

"எட்டு," என்றார் மந்திரமூர்த்தி.

"அண்ணாச்சி, ஏழு."

"நானும் எண்ணிக்கிட்டுத்தான இருக்கேன். எட்டு."

மூவரும் நிறுத்தினார்கள். ரைஹானத் இரண்டு போல்ட்டையும் திரும்ப முழுக்க முடுக்கினாள். முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். இந்த முறை ஒவ்வொரு சுற்றுக்கும் பாயின் ஓரத்தில் ஒரு பட்டாணி. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. மந்திரமூர்த்தி எண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டும் பன்னிரண்டும் ஆனபோது வில் பார்க்கவே வேறு மாதிரி இருந்தது. விறைப்பெல்லாம் போய், தூங்கி எழுந்த ஆள் போல நீண்டு கிடந்தது.

இனி நாண். பன்னிரண்டு சுற்று தளர்த்தியும் கொஞ்சம் இழுப்பு மிச்சமிருந்தது. நாசர் பாயில் உட்கார்ந்து, கால்முட்டி இரண்டையும் வில்லின் நடுப்பிடிக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு நுனிகளையும் கைகளால் பற்றித் தன் பக்கமாகப் பைய இழுத்தான். நாண் தொய்ந்தது.

"பிஸ்மில்லா. இப்ப எடு."

அவள் கொக்கி ஊசியால் மேல் சக்கரத்தின் முளையிலிருந்து நாணின் கண்ணியைத் தூக்கினாள். கண்ணிக்குள் ஒரு தையல் நூலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், இழைகள் பிரிந்துவிடாமல் இருக்க. நாண் முன்பே எந்தத் திசையில் முறுக்கியிருந்ததோ அதே திசையில் இன்னும் மூன்று முறுக்கு. மறுபடி முளையில் மாட்டினாள்.

"விடவா?"

"இருங்க. சரியா உக்காந்திருக்கான்னு பாக்கேன். ம். பைய விடுங்க."

விட்டான். ஒன்றும் வெடிக்கவில்லை, ஒன்றும் பறக்கவில்லை. நாண் சக்கரத்தின் பள்ளத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நாசர் விட்ட பெருமூச்சு மந்திரமூர்த்திக்குக் கேட்டது.

போல்ட்டுகளைப் பழையபடி முடுக்கி மாடிக்குப் போனார்கள். அம்பில்லாமல் நாணை விட்டுவிட்டால் வில் உடைந்துபோகும் என்பதால், இழுத்துப் பார்ப்பதானாலும் அம்பைப் பொருத்திக்கொண்டு ஃபோம் பலகையைப் பார்த்தே இழுத்தாள். துளை தெரிந்தது! முழு வட்டமாக இல்லை, முக்கால் வட்டம். ஆனால் இன்னொன்று சரியில்லை. கடைசிவரை இழுத்தால் நாண் ஒரு சுவரில் முட்டியதுபோல் திடமாக நிற்க வேண்டும். இது பஞ்சில் முட்டியதுபோல் நின்றது.

"ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தல," என்றாள். "ஒரு கேபிளும் நீண்டிருக்கு. நான் இழுக்கேன், நீங்க பக்கத்துல நின்னு வீடியோ எடுங்க. மெதுவா ஓடுத மாதிரி."

வீடியோவை மூவரும் தலையோடு தலை முட்டிப் பார்த்தார்கள். கீழ்ச் சக்கரத்தைத் தடுத்து நிறுத்தும் முளை கேபிளைத் தொட்டு நின்ற பிறகு, மேல் சக்கரம் இன்னும் ஒரு அரிசி அகலம் ஓடித்தான் நின்றது.

"மேல் சக்கரம் பிந்துது. அப்ப மேல மாட்டியிருக்க கேபிளத்தான் குறைக்கணும்," என்றான் நாசர். "முப்பது மாடிக்குக் கிரேன் ஏத்துனவன் சொல்லுதேன்."

ரைஹானத்துக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்தாலும் முப்பது மாடி என்றதும் விட்டுக்கொடுத்தாள். மறுபடி பாய், ஹெல்மெட், பட்டாணி, பன்னிரண்டு சுற்று. கேபிளுக்கு இரண்டு முறுக்கு. மறுபடி மாடி. இப்போது வீடியோவில் ஒரு அரிசி அகலம் இருந்த இடத்தில் இரண்டு அரிசி அகலம் இருந்தது.

மந்திரமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "முப்பது மாடிக் கிரேனு இப்பம் எங்கன நிக்கி?"

"விழாமத்தான் நிக்கி," என்றான் நாசர், கொஞ்சம் கோபமாக. பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நீ சொல்லு ரைஹானா. உனக்கு என்ன தோணுது?"

அவள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கேபிளை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பிறகு மற்றதை. "இதப் பாருங்க. மேல மாட்டியிருக்கது போய் கீழ்ச் சக்கரத்துலதான் சுத்துது. அதக் குறைச்சா கீழ்ச் சக்கரந்தான் இன்னும் முந்தும். கீழ மாட்டியிருக்கதுதான் மேல் சக்கரத்த ஓட்டுது. எதுத்தாப்புலயில்லா இருக்கு."

நாசர் அவள் விரல் போன வழியிலேயே தன் விரலையும் ஓட்டிப் பார்த்தான். ஓட்டி முடித்ததும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

மூன்றாவது முறை கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் கோமு வந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே, பாயில் எதிரெதிராக உட்கார்ந்திருந்த இரண்டு ஹெல்மெட்டுகளையும், இடையில் இறக்கை விரித்த பறவைபோல் கிடந்த தன் பழைய வில்லையும், இருபத்துநான்கு பட்டாணியையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு இங்க ரைஹானா?"

"நான்தான்க்கா, சின்ன ஹெல்மெட்டு. பேசாம உக்காருங்க. மச்சான் பிடிச்சிட்டு இருக்காக, கை வலிக்கும்."

"வலிக்கல," என்றான் நாசர். அவன் நெற்றி வேர்வை மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையில்லை. ரைஹானத் கண்ணியை முளையில் மாட்டி முடித்து, அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கி, தன் துப்பட்டா முனையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு, "இப்ப விடுங்க," என்றாள்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் ஒரே கூரைக்கடியில் அவர்கள் வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் இரண்டரை வருடம் தேறலாம். அந்த நாட்களெல்லாம் விருந்திலும் பயணத்திலும் மூட்டை கட்டுவதிலும் போய்விடும். இருவரும் ஒரே பொருளின் மேல் குனிந்து, நாலு கையால் ஒரு வேலை செய்தது இதுதான் முதல் தடவை என்று ரைஹானத்துக்கு அப்போது தோன்றியது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் கோமு கேலி செய்வாள்.

முதலில் போட்ட தப்பு முறுக்கை எடுத்துவிட்டு, சரியான கேபிளுக்கு ஒரு முறுக்கு. வீடியோவில் அரை அரிசி. இன்னொரு முறுக்கு. இந்த முறை இரண்டு முளைகளும் ஒரே கணத்தில் கேபிளைத் தொட்டன. மெதுவாக ஓடிய படத்தில் அதைப் பார்த்தபோது நாலு பேரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றார்கள். பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் என்னவென்று எட்டிப் பார்த்தாள்.

"பீப் இன்னும் முக்கால்தான் தெரியுது," என்றாள் ரைஹானத்.

"அதுக்கும் கழட்டணுமா?" என்று கேட்டபோது நாசரின் குரல் உள்ளே போயிருந்தது.

"வேண்டாம். அம்பு மாட்டுத எடத்துல இந்தச் சின்னக் கயித்து வளையம் இருக்குல்லா, அதப் பிடிச்சுத்தான் நாண இழுக்கேன். இத நாணச் சுத்தி ஒரு நூலளவு திருப்பிவிட்டாப் போதும். இழுக்கும்போது நாணும் அந்தப் பக்கமாத் திரும்பும்."

கடையில் கண்ணாடியின் மூக்குத்தாங்கியைச் சரி செய்வதுபோல, இடுக்கியால் பிடித்து, ஒரு நூலளவு திருப்பினாள். இழுத்தாள். முழு வட்டம். அதற்குள் ஃபோம் பலகையின் சிவப்புப் புள்ளி, பொட்டு வைத்ததுபோல. விட்டாள். அம்பு புள்ளியில் போய் உட்கார்ந்தது.

மாலை நாலு மணிக்குக் கார் வண்ணாரப்பேட்டைப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போனது. ஆற்றில் தண்ணீர் பாதியாகத்தான் ஓடியது. மைதானத்தில் போட்டிக்காரர்களுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி. ஐம்பது மீட்டரில் ரைஹானத் விட்ட முதல் அம்பு இலக்கைத் தாண்டிப் பின்னால் கட்டியிருந்த வலையில் போய்ச் சிக்கியது.

"போச்சா?" என்றான் நாசர்.

"போவல மச்சான். நாண் விறைப்பா ஆயிருக்கு, அம்பு வேகமாப் போவுது. பழைய கணக்கெல்லாம் செல்லாது, அவ்வளவுதான்."

குறிக்கருவியை ஒவ்வொரு கோடாக ஏற்றி இறக்கி நாற்பது அம்பு விட்டாள். ஆறு மணிக்கு விசில் ஊதும்போது ஐந்து அம்பு மஞ்சளில் நின்றன. ஆறாவது சிவப்பில்.

மறுநாள் காலை கருவிச் சோதனையில் நடுவர் அவள் வில்லை வாங்கி நாணை விரலால் தடவிப் பார்த்தார். போல்ட் தலையில் இருந்த வெள்ளைக் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"யாரும்மா செட் பண்ணினது? மதுரைல கொடுத்தீங்களா?"

"இல்ல சார். வீட்டுலயே."

"பிரஸ் வச்சிருக்கீங்களா?"

ரைஹானத் பின்னால் திரும்பிக் கயிற்றுக்கு அப்பால் நின்ற நாசரைக் காட்டினாள். "அந்தா நிக்காகல்லா சார், அதுதான் பிரஸ்."

நடுவர் சிரித்துவிட்டு, புத்தகத்தில் அந்த முறை இருக்கிறதா என்று கேட்டார். பதினொன்றாம் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, வில்லில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்.

எழுபத்திரண்டு அம்பு. ஆறு ஆறாகப் பன்னிரண்டு சுற்று. முதல் ஆறிலேயே அவளுடைய முதல் பத்துப் புள்ளி விழுந்தபோது நாசர் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசையில் குறி வைத்துக்கொண்டிருந்த பெண் வில்லை இறக்கிவிட்டாள். நடுவர் கயிற்றோரம் வந்து, இன்னொரு தடவை கத்தினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று விரலைக் காட்டிச் சொன்னார். அதற்குப் பிறகு நாசர் கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே நின்றான்.

முதல் பாதி முடிந்தபோது முன்னூற்று இருபத்தொன்று. ஐந்தாவது இடம். முதல் மூன்று பேர்தான் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். கோமு இரண்டாவதாக இருந்தாள். நிழலில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போது கோமு கேட்டாள். "எப்படி இருக்கு வில்லு?"

"வில்லு நல்லா இருக்குக்கா. நான்தான் அத நம்பாம விடுதேன். இழுக்கும்போதெல்லாம் நேத்து மாட்டுன கண்ணியத்தான் நெனைக்கேன். கழண்டுருமோ கழண்டுருமோன்னு."

"கழண்டுதா?"

"இல்ல."

"முப்பத்தாறு தடவ கழலல. இன்னும் முப்பத்தாறு தடவ கழலாது. நோக்கு வேற வேலையே இல்லையா?"

இரண்டாம் பாதியில் மேல்காற்று கிளம்பியது. இலக்குக்கு மேல் கட்டியிருந்த சின்னக் கொடிகள் படபடத்தன. ரைஹானத் காற்று தணியும்வரை காத்திருந்து, இழுத்து, வட்டத்துக்குள் வட்டம் வைத்து, விட்டாள். கண்ணியை நினைக்கவில்லை. ஒன்பது, பத்து, பத்து. நாண் போய் அடித்து நிற்கிற சத்தம்கூட மாறியிருந்ததைக் கவனித்தாள். முன்பு டொப் என்று இருக்கும். இப்போது நறுக்கென்று இருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதைக் கேட்பதற்காகவே அடுத்த அம்பை எடுத்தாள்.

கடைசி அம்புக்குப் பிறகு அவள் புள்ளிப் பலகையைப் பார்க்கவில்லை. நாசர்தான் மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டே வந்திருந்தான். "நாலாவது," என்றான், கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து. முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தான். "பரவால்ல புள்ள. நாலாவதுன்னா சும்மாவா? ஒரு பாயிண்டுதான் குறைச்சல்."

"அறுநூத்தி அம்பத்தொண்ணு," என்று கோமு பின்னாலிருந்து ஓடிவந்தாள். "மூணாவதுடி! அம்பாசமுத்திரத்துப் பொண்ணு அறுநூத்தி நாப்பத்தொம்பது. ரெண்டு பாயிண்ட்ல முந்திட்டே! நான் ரெண்டாவது!"

"இல்லையே, நான் கூட்டினேனே," என்றான் நாசர். "நாப்பத்தெட்டுல்லா வந்துச்சு."

"எட்டாவது சுத்துல எத்தன போட்டிய?" என்று ரைஹானத் கேட்டாள்.

"அம்பத்தொண்ணு."

"அம்பத்திநாலு மச்சான்!"

அவன் ஒரு நிமிடம் விரல்விட்டுப் பார்த்தான். அவளுடைய இதுவரையிலான அதிகம் அறுநூற்று நாற்பது. பதினொன்று கூட. மாநிலப் போட்டி. விரல்கள் எண்ணி முடித்ததும் நாசர் நடுவரை ஒரு தடவை பார்த்தான். போட்டி முடிந்துவிட்டது, இனி வெளியே அனுப்ப முடியாது என்று தெரிந்ததும், இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஒரு கத்துக் கத்தினான். வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நடுவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பதக்கம் வாங்கும்போது ரைஹானத் அழவில்லை. மேடையிலிருந்து இறங்கி வரும்போது கோமுவின் தோளில் இடித்து, இருவரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"மாநிலப் போட்டி எப்பம்?" என்று நாசர் கேட்டான்.

"அடுத்த மாசம் இருவதாம் தேதி."

அவன் லீவு பதினெட்டாம் தேதி முடிகிறது. இருவருக்கும் தெரியும். நாசர் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனான். தோஹாவில் இருக்கும் தன் மேலாளருக்குப் பேசினான். அரபியும் இந்தியும் மலையாளமும் கலந்து பேசினான். நடுவே இரண்டு தடவை வில்லை இழுப்பதுபோல் கையால் செய்து காட்டினான், எதிரே யாரும் இல்லாமலேயே. திரும்பி வந்தபோது முகத்தில் வெயில் அடித்தது.

"ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லிட்டாரு. போட்டோ அனுப்பணுமாம்."

அதற்குள் சாத்தான்குளத்திலிருந்து தஸ்மியாவின் அழைப்பு வந்துவிட்டது. நாசர் போனை ஸ்பீக்கரில் போட்டான். கல்யாண வீட்டுக் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் பேசியது. எல்லாரையும் தள்ளிவிட்டு மகளின் குரல் வந்தது.

"உம்மா, பத்து எத்தன?"

"முப்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் யாரோ குலவை போட ஆரம்பித்தார்கள். நாசர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான், மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கட்டும் என்று.